தரிசில் உளுந்து

எழுத வரவில்லை என்று ஒரு இளம் கவிஞர் சமீபத்தில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு தொகுப்புகள் வெளிவந்தவர். இரண்டாவதில் ஏழெட்டுக் கவிதைகள் அசலானவை. ஒன்றரை வருஷமாக ஒரு வரியும் வரவில்லை, சக்தி வற்றிவிட்டாற் போலிருக்கிறது, கொஞ்ச நாள் மலைப்பக்கம் போய் இருந்துவிட்டு வந்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், இந்த விஷயத்தைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. உருவம், உள்ளடக்கம், படிமம், யாப்பு என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். எழுதுகிறவன் எழுதாமல் இருக்கும் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த பேச்சு இரண்டுதான். ஒன்று, 'ஆள் தீர்ந்துபோய்விட்டான்.' மற்றது, 'அவருடைய மௌனம் அர்த்தம் பொதிந்தது.' முதலாவது வசை. இரண்டாவது, அதே வசைக்கு அங்கவஸ்திரம் போர்த்தியது. இரண்டில் எதைச் சொன்னாலும், அந்த மனிதனிடம் போய் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டிய சிரமம் நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

ஓய்வு என்ற சொல்லையே நம் எழுத்தாளன் கூச்சத்தோடுதான் உச்சரிக்கிறான். அதற்குக் காரணம் உண்டு. தமிழில் சிருஷ்டிகரமாக எழுதியவர்களில் பெரும்பாலோர் வேறு எதையோ செய்து பிழைத்தவர்கள். லா.ச.ரா. வங்கியில் இருந்தார். தி.ஜானகிராமன் பள்ளிக்கூடத்திலும் பிறகு வானொலியிலும் இருந்தார். ஆபீசுக்கும் குடும்பத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சிய நேரத்தில் எழுதியவர்கள் இவர்கள். எழுத்தே ஓய்வு நேர வேலையாக இருக்கும்போது, அந்த வேலையிலிருந்து எங்கே போய் ஓய்வு எடுப்பது? கேட்கும்போது வேடிக்கையாகப் படலாம். அந்த இளம் கவிஞர் கேட்டிருப்பதும், நான் என் நாற்பது வயதில் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியதும் இந்தக் கேள்விதான்.

முதலில், எழுதுகிறவனிடம் களைத்துப்போவது எது? உடம்பு அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பதில் உடம்புக்கு என்ன பெரிய சிரமம்? கற்பனையும் அல்ல, எழுத முடியாத நாட்களில்தான் கற்பனை கட்டறுத்து ஓடுகிறது. என் அனுபவத்தில் களைப்பது மொழி உணர்வு. ஒரு சொல்லைத் தொட்டதும் 'இது இல்லை' என்று உள்ளே சுருக்கென்று தைக்கிறதே, அது மழுங்கிவிடுகிறது. அது மழுங்கினால் எழுத முடியாமல் போய்விடும் என்று நினைக்கக்கூடாது. தாராளமாக எழுதலாம், முன்னைவிட வேகமாக எழுதலாம். அபாயமே அதில்தான் இருக்கிறது. நம் வாரப் பத்திரிகைகளில் வருஷக்கணக்காகத் தொடர் எழுதியவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான். அவர்கள் நின்றுபோகவே இல்லை. எழுத வரவில்லை என்று நிற்கிறவனிடம் இன்னும் கொஞ்சம் கூர்மை மிச்சமிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

களைப்பது மொழி என்றால், மொழியிலிருந்துதான் ஓய்வு வேண்டும். இது மிகவும் எளிய முடிவு. ஆனால் எழுத்தாளன் ஓய்வு என்று நினைத்துக்கொண்டு செய்கிற காரியங்களைப் பாருங்கள். இலக்கிய நண்பர்களோடு டீக்கடையில் இரவு பத்து மணிவரை பேச்சு. யார் எந்தப் பத்திரிகையில் யாரைத் தாக்கியிருக்கிறார்கள் என்ற விசாரணை. அதற்கு ஒரு பதில் கடிதம். பதிலுக்குப் பதில். ஒரு வெளியீட்டு விழா, அதில் ஒரு வாழ்த்துரை. இன்று டீக்கடை கைபேசிக்குள் வந்துவிட்டது. பத்து மணி என்ற வரம்பும் போய்விட்டது. கவிதைக்கு ஒரு சொல்லைத் தேடி எடுக்கிற அதே கையால்தான் இவ்வளவையும் அள்ளி இறைக்கிறோம். பாரம் சுமந்தவன் இளைப்பாறுவதற்காக வேறொரு பாரத்தைத் தூக்கிக்கொள்வது போன்ற காரியம் இது. நான் இதைப் பிறருக்குச் சொல்லவில்லை. 1980களில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ்கள் வந்தன. அந்த ஏழு இதழ்களிலும் சர்ச்சைப் பகுதியில் நான் எழுதியது அறுபது பக்கமாவது இருக்கும். கவிதை இரண்டு. எழுதிவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு தெம்பு இருந்தது உண்மை. அது காய்ச்சலில் வருகிற தெம்பு.

*

நான் பிறந்தது தஞ்சை ஜில்லாவில், வெண்ணாற்றுப் பாசனத்தில். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, கதிர் சாய்ந்து நிற்கும் வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, மெழுகு பதத்தில் இருக்கும் சேற்றில் அப்பா உளுந்தைத் தெளிப்பார். அதற்கு உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. நெல்லை அறுத்துக்கொண்டு போனபின், தாளுக்கு நடுவில், மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது தானே வளரும். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனால் காய் பறித்துவிடலாம். நெல் எடுத்துக்கொண்ட சத்தில் ஒரு பங்கை உளுந்தின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. நிலத்தைச் சும்மாப் போட்டால் கோரைதான் மண்டும் என்பார்.

இதைத் தரிசு உளுந்து என்பது வழக்கம். அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பதில் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தரிசு என்றால் ஒன்றும் விளையாத வெற்றிடம் என்று பொருள் இல்லை. நெல்லுக்குத்தான் அது தரிசு. நிலம் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேறொன்று நெல்லோடு போட்டி போடாதது, கொஞ்சமாகக் கேட்பது, மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது. மலைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சும்மா இருக்கிற மனத்தில் முளைப்பது பெரும்பாலும் கோரை.

படைப்பில் இந்த இடைக்காலத்துக்கு ஒரு இடம் உண்டு என்பதை உளவியல் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கிரஹாம் வாலஸ் 1926-ல் எழுதிய நூலில் சிந்தனையின் போக்கை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளி தோன்றுதல், சரிபார்த்தல். இரண்டாவதில் மனம் வேறு எதிலோ ஈடுபட்டிருக்க, விஷயம் அடியில் தானே நடந்துகொண்டிருக்கிறது. கணிதமேதை பாயின்கரே, வெகுநாள் மல்லாடிய ஒரு பிரச்சினைக்கான திறவு, ஒரு பயணத்தில், வண்டிப் படியில் கால் வைத்த கணத்தில் தோன்றியதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கதையை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் மேஜையில் கழித்த வாரங்களை விட்டுவிடுகிறார்கள். முட்டையே இடாத கோழி எத்தனை நாள் அடைகாத்து என்ன? மண்ணில் சம்பாவுக்கு விட்ட ஈரம் மிஞ்சியிருந்தால்தான் உளுந்து பிடிக்கும்.

*

பிரெஞ்சுக் கவி பால் வலேரியை எடுத்துக்கொள்கிறேன். 1892-ல், இருபது வயதில், ஜெனோவாவில் ஒரு புயல் இரவில் தன் கவித்துவ வாழ்க்கைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கவிதை என்று சொல்லும்படி அவரிடமிருந்து அதிகம் வரவில்லை. 1900 முதல் 1922 வரை, ஒரு செய்தி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த முதியவருக்கு அந்தரங்கக் காரியதரிசியாக வேலை பார்த்தார். ஆனால் 1894-ல் தொடங்கி 1945-ல் சாகும்வரை, விடியுமுன் எழுந்து நோட்டுப் புத்தகங்களில் கணிதம், மனத்தின் இயக்கம், மொழி பற்றிக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். அப்படிச் சேர்ந்தவை இருநூற்றைம்பது நோட்டுகளுக்கு மேல். அவை பிரசுரத்துக்காக எழுதப்படவில்லை. அவருடைய தரிசில் விளைந்த உளுந்து என்று அவற்றைச் சொல்வேன். 1917-ல் 'இளம் விதி தேவதை' என்ற நெடுங்கவிதை வந்தபோது, அதன் ஐந்நூற்றுச் சொச்சம் வரிகளிலும் இருந்த இறுக்கம் இளமைக்காலக் கவிதைகளில் இல்லாதது. அந்த விடியற்காலைகளில் மனத்தைத் தானே வேவு பார்த்த பழக்கம் கவிதைக்குள் இறங்கியிருந்தது.

நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது. ந.பிச்சமூர்த்தி 1934-ல் மணிக்கொடியில் 'காதல்' எழுதினார். தமிழ்ப் புதுக்கவிதையை அங்கிருந்து கணக்கிடுகிறார்கள். அடுத்த பத்தாண்டு எழுதினார். பிறகு கவிதை நின்றது. வக்கீல் தொழிலை விட்டுக் கோயில் நிர்வாக அதிகாரியாக ஊர் ஊராக இருந்த காலம் அது. 1959-ல் சி.சு.செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய பிறகு மீண்டும் கவிதைகள் வந்தன. 1962-ல் 'காட்டு வாத்து' தொகுப்பு. கணக்குச் சொல்கிறவர்கள் இந்த இடைவெளியைப் பதினைந்து ஆண்டு நஷ்டம் என்பார்கள். முன்னும் பின்னும் உள்ள கவிதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்கு அப்படித் தோன்றாது. முதல் கட்டத்தில் உணர்ச்சிக்கு ஒரு இரவல் லயம் கூடவே வருகிறது. பாரதியின் வசன கவிதையையும் விட்மனையும் படித்த உற்சாகம் வரியை நீட்டிக்கொண்டு போகிறது. இரண்டாம் கட்டத்தில் வரி தன் காலில் நிற்கிறது. கணக்குப் பிள்ளைகளையும் குத்தகைதாரர்களையும் வருஷக்கணக்கில் எதிரே உட்கார வைத்துப் பேசியவருடைய நிதானமும் கேலியும் அதில் இருக்கின்றன. கோயில் உத்தியோகம் கவிதை கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. கவிதை மொழியை அது தொடாமல் விட்டுவைத்தது. அதுவே பெரிய உபகாரம்.

சுந்தர ராமசாமியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. அடுத்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் எழுதவில்லை. நாகர்கோவிலில் துணிக்கடையை நடத்தினார். 1973-ஐ ஒட்டி அவர் திரும்பி வந்தபோது எழுதிய 'பல்லக்குத் தூக்கிகள்' போன்ற கதைகளையும் பசுவய்யா என்ற பெயரில் எழுதிய கவிதைகளையும் படித்தவர்களுக்கு, அதே ஆள்தானா என்று சந்தேகம் வந்தது. புளியமரத்தில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறவனுடைய குரல். சரளம், நகைச்சுவை, நீட்சி. திரும்பி வந்தவரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி எடைபார்த்து உள்ளே விடுகிற கெடுபிடி. அந்தக் கெடுபிடி சில கதைகளை மூச்சுத் திணற அடித்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் 1981-ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' சாத்தியமானது அந்த வாக்கியத்தால்தான். எழுதிக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் இரண்டு புளியமரம் கிடைத்திருக்கும். அதை லாபம் என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மொழியை முழுக்க விட்டுவிட முடியாதவர்களுக்கு ஒரு நடு வழியும் உண்டு: மொழிபெயர்ப்பு. க.நா.சு. தன் எழுத்துக்கிடையே நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' என்று மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பில் கை மொழியில் இருக்கிறது. 'நான்' மட்டும் இளைப்பாறுகிறது. என்ன சொல்வது என்ற பொறுப்பை வேறொருவன் ஏற்றுக்கொள்கிறான். ரில்கே 1912-ல் டூயினோ கோட்டையில் தொடங்கிய எலிஜிகளை முடிக்க முடியாமல் பத்தாண்டு தவித்தார். நடுவே உலக யுத்தம், ராணுவச் சேவை. 1921-ல் வலேரியின் 'கடலோர மயானம்' அவர் கண்ணில் பட்டது. உடனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், ஒரு மாதத்துக்குள், எலிஜிகள் முடிந்தன. எதிர்பாராமல் ஆர்ஃபியஸுக்கான ஐம்பத்தைந்து சானெட்டுகளும் உடன் வந்தன. அந்த வெள்ளத்தை மொழிபெயர்ப்பு கொண்டுவந்தது என்று சொல்வது அசட்டுத்தனம். நெடுநாள் கவிதையைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய ஒருவருடைய வரிகளில் அவருடைய கை பழகிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

*

என் வாதத்தை உடைக்கிற பெயரையும் நானே சொல்லிவிட வேண்டும்: புதுமைப்பித்தன். 'காஞ்சனை', 'சாபவிமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' மூன்றும் 1943 என்ற ஒரே வருஷத்தில் வந்தவை. நாளெல்லாம் பத்திரிகை ஆபீசில் மொழியையே அரைத்து மாவாக்கிக்கொண்டிருந்த மனிதர் எழுதியவை. அவருக்குத் தரிசும் இல்லை, உளுந்தும் இல்லை. தி.ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் வாராவாரம் தொடராக வந்த நாவல். என் அளவுகோலின்படி இரண்டும் நடந்திருக்கக்கூடாதவை. புதுமைப்பித்தன் 1948-ல் நாற்பத்திரண்டு வயதில் போனதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா என்று கேட்டு என் கட்சியை ஜெயிக்க வைக்கலாம். அது அயோக்கியத்தனம். அவரைக் கொன்றது க்ஷயம். அந்த நாளில் அந்த நோய்க்கு இங்கே மருந்து எட்டவில்லை. ஆகவே நான் சொல்வது விதி அல்ல. சில நிலங்கள் முப்போகம் விளையும். உங்கள் நிலம் அப்படிப்பட்டது என்று நீங்களாகவே நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் எச்சரிக்கை.

இன்னொரு குறையும் இருக்கிறது. இதுவரை நான் சொன்ன பெயர்களைத் திரும்பிப் பாருங்கள். செல்மா லாகர்லெவின் பெயர் ஒரு மொழிபெயர்ப்பைச் சொல்லும் வழியில் வந்ததுதான். மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். ரில்கே ம்யூஸோ என்ற பழைய கோபுர வீட்டில் தனியாக உட்கார்ந்து முடித்தார் என்றால், அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க ஒரு தனவந்தர் இருந்தார். சமைக்க ஒரு பெண் இருந்தாள். ஓய்வுக்கு ஒரு விலை உண்டு. அதை யாரோ கொடுக்கிறார்கள். அம்பையின் 1988 தொகுப்பின் பெயர் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டே இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதலாம். என் தலைமுறையில் ஒரு கவிஞர், பெண், ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்: "நீங்க எல்லாம் எழுதாம இருந்தா மௌனம்கறீங்க. நாங்க எழுதாம இருந்தா, கல்யாணம் ஆயிடுச்சுங்கறீங்க." நான் சிரித்து மழுப்பினேன். உளுந்து தெளிக்க அப்பா போவார். காயைப் பறித்து, உலர்த்தி, அடித்து, புடைத்துப் பானையில் சேர்த்தது அம்மா. இது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

*

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்ல வைத்திருக்கிறேன். தரிசு எப்படி முடிகிறது?

வலேரி தானாகத் திரும்பி வரவில்லை. 1912-ல் ஆந்த்ரே ஜீடும் பதிப்பாளர் காலிமாரும் அவருடைய பழைய கவிதைகளைத் தொகுத்துத் தரும்படி நச்சரித்தார்கள். வேண்டாவெறுப்பாகப் பழைய காகிதங்களை எடுத்தார். தொகுப்புக்கு முடிவுரை போல, கவிதைக்கு விடைகொடுக்கும் ஒரு சிறு கவிதையை எழுதிச் சேர்க்கலாம் என்று தொடங்கினார். அந்தச் சிறு கவிதைதான் நான்கு வருஷம் வளர்ந்து 'இளம் விதி தேவதை' ஆயிற்று. பிச்சமூர்த்தி விஷயத்திலும் இதுவே நடந்தது. செல்லப்பா 'எழுத்து'வின் தொடக்க இதழ்களில் அவருடைய பழைய கவிதையான 'பெட்டிக்கடை நாரணன்' என்பதை எடுத்து மறுபிரசுரம் செய்தார். யாரும் ஞாபகம் வைத்திராத ஒரு பழைய கவிதையை, இது எங்களுக்கு வேண்டும் என்று அச்சில் போட்டுக் காட்டினார். புதிய கவிதைகள் அதற்குப் பிறகு வந்தன. அவர் மட்டுமல்ல, அதைப் பார்த்து எழுத வந்த ஒரு தலைமுறையே வந்தது. 1970-ல் 'எழுத்து' நின்றுபோகும்வரை செல்லப்பா செய்த காரியங்களில், விமர்சனம் எழுதியதைவிட இதைப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

தரிசில் இருக்கிறவனுக்குத் தரிசு முடிந்துவிட்டது என்று தெரிவதில்லை. ஈரம் சேர்ந்துவிட்டது என்பதை வெளியிலிருந்து ஒருவன் வந்து கால் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மௌனியை அவருடைய இசையிலிருந்தும் தனிமையிலிருந்தும் அழைத்து எழுத வைத்ததிலும் மணிக்கொடி நண்பர்களுக்குப் பங்கு உண்டு. சிறுபத்திரிகை என்பதே இதற்காகத்தான் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. அது கொள்கை முழங்குவதற்கான மேடை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு சின்னத் தபால் கார்டில், 'உங்களிடமிருந்து ஏதாவது வந்து நாளாயிற்று' என்று எழுதுகிற ஸ்தாபனமாக அது இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பத்திரிகையின் இரண்டாம், மூன்றாம் இதழ்களில் ஒருவர் ஆறு கவிதைகள் எழுதினார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர். அந்த ஆறில் நான்கு, அந்தப் பத்தாண்டில் தமிழில் வந்த எதோடும் வைத்துப் பார்க்கத் தக்கவை. பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆறாவது இதழில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். எழுதிக் குவிப்பவர்களுக்கு எதிராக அவரை நிறுத்தி, அவருடைய மௌனம் எவ்வளவு பொறுப்புணர்ச்சி மிக்கது என்று இரண்டு பக்கம். நன்றாகவே எழுதியிருந்தேன். சர்ச்சையும் கிளம்பியது. அவருக்கு இதழை அனுப்பினேனே தவிர, கடிதம் எழுதவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வெளியே வந்து நின்றோம். கட்டுரையைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்ததாகச் சொன்னார். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார். ஆனா எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. நான் மௌனமால்லாம் இல்லை. அந்த வருஷம் வயல்ல வேலை, அப்பாவுக்கு முடியலை. அடுத்த வருஷம் கொஞ்சம் எழுதினேன். அனுப்பலாமா வேணாமான்னு இருந்தது. அப்பத்தான் உங்க கட்டுரை வந்துது. சரி, எழுதாம இருக்கிறதைத்தான் இவங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழுதியவை இருக்கின்றனவா என்று நான் கேட்டேனா? இல்லை. இந்தக் கட்டுரைக்குள் இவ்வளவு விவரமாக வருகிற எல்லாம் அன்று எனக்குத் தெரிந்திருந்தது. வலேரியைப் படித்திருந்தேன். செல்லப்பா செய்ததைப் பாராட்டி எழுதியும் இருந்தேன். ஆனாலும் வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் இப்போது இல்லை. அந்த நான்கு கவிதைகள் எந்தத் தொகுப்பிலும் இல்லை. எங்கள் பத்திரிகையின் பழைய இதழ் யாரிடமாவது இருந்தால் அதில் இருக்கும்.

ஆகவே இளம் கவிஞருக்கு எழுதிய பதிலில் மலைக்குப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சர்ச்சைகளை விட்டுவிடும்படியும், கைக்கு வேலை கொடுக்கிற, வாய்க்கு வேலை கொடுக்காத ஏதாவது ஒன்றில் இறங்கும்படியும், அது எதுவாக இருந்தாலும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும்படியும் எழுதினேன். வீட்டில் அதற்கான நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாவது தொகுப்பில் எனக்குப் பிடித்த கவிதையின் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கு அடுத்தது எனக்கு வேண்டும் என்று கேட்டேன். தேதி போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும் கேட்பேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.